இஸ்திரி போடாத தாளம்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது வாக்காளர் அட்டையோடு சரி. மற்றபடி எல்லாருக்கும் அவன் 'கடிகாரம்'தான். பேட்டை மன்றத்து ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வாசிப்புக்கு ஆட வருகிறவர்கள் கொடுத்த பட்டம் அது. பக்கத்தில் இடியே விழுந்தாலும் அவன் தாளம் ஒரு நூல்கூடப் பிசகாது என்று அவர்கள் சொல்வார்கள். அவனும் "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் பூரித்துப்போவான். யாருக்குத்தான் புகழ்ச்சி கசக்கும்?

மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணுக்குத் தெரியாத ஸ்க்ரூவைக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில் வைத்துத் திருகும் வேலை. மனைவிக்கு பேக்கரியில் வேலை. கேக் மேல் கிரீமால் பூப் போடுவாள், பிறந்தநாள்காரர்களின் பெயர் எழுதுவாள். மன்றத்தில் அவளுக்கு 'கிரீம் அக்கா' என்று பெயர். அவளைவிட வயதானவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாத்தியம். சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி, அவ்வளவுதான். அதற்குள்ளேயே ட்ரம், அதற்குள்ளேயே அடித்தொண்டையில் உறுமும் பேஸ், அதற்குள்ளேயே கீபோர்டு. வாசித்ததை அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு, நிறுத்து என்கிறவரை திருப்பித் திருப்பிப் பாடும். ஒரு பாண்டு கோஷ்டியையே மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம். வலது பக்கம் விரலால் தட்டுகிற ரப்பர் பேட்கள், அது அவன் ராஜ்ஜியம். இடது பக்கம் சின்னச் சின்னக் கட்டைகள், அது அவளுடையது. அவன் கட்டைப் பக்கம் போகமாட்டான், அவள் பேட் பக்கம் வரமாட்டாள். குடும்பத்தில் சண்டை வராமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. மனிதக் கை தட்டினால் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். அந்தப் பொத்தானைப் போட்டு வைத்திருந்தால், பதியும்போதே முந்தினதையும் பிந்தினதையும் இழுத்துப் பிடித்து நேராகக் கோட்டில் நிறுத்திவிடும். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. அவன் மனைவி வைத்த பெயர் 'இஸ்திரி'. கசங்கினதை நேராக்குகிறதே, வேறென்னவாம் என்பாள். பிசகாதவன் என்று பெயர் வாங்கினவனுக்கு இஸ்திரி எதற்கு என்று கேட்காதீர்கள். நல்ல சட்டைக்கும் இஸ்திரி போடத்தானே செய்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை. மனைவி காலையிலேயே பேக்கரிக்குப் போய்விட்டாள். அவன் சமையலறை மேசையில் பெட்டியை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு பேருமாகப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டை ஓடவிட்டான். அடிமேளம் திம் திம் என்று நேராக வந்தது. மேலே மனைவியின் பேஸ் வந்தது. பிறகு போன ஞாயிற்றுக்கிழமை அவன் பதிந்து வைத்த கைதட்டல் சத்தம் வந்தது.

வந்ததா? நொண்டியது.

முதலில் ஹெட்போன் ஒயரில் கோளாறு என்று நினைத்தான். ஒயரை அசைத்துப் பார்த்தான். மறுபடி ஓடவிட்டான். மறுபடியும் அதே நொண்டல். ஒவ்வொரு தட்டலும் வரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கழித்து வந்தது. போகப்போக இன்னும் கழித்து வந்தது. கூட்டத்தோடு நடக்கிற ஒருத்தர் மூச்சு வாங்கிப் பின்னால் தங்கிவிடுவார் பாருங்கள், அந்த மாதிரி.

இஸ்திரிப் பொத்தானைப் பார்த்தான். விளக்கு அணைந்திருந்தது.

அப்படியானால் இது இஸ்திரி போடாத தாளம். பேட்களில் கை வைக்கிறவன் இந்த வீட்டில் ஒருவன்தான். ஆக, இது அவனுடைய சொந்தக் கை. இத்தனை வருஷமாகப் பெட்டி இழுத்துப் பிடித்து நேராக்கி, நீ கடிகாரம், நீ கடிகாரம் என்று அவன் காதில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே கை இப்படிக் கிடந்திருக்கிறது.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான்.

ஒரு தாளம் பிந்தியதற்கு இப்படியா பயப்படுவார்கள் என்று தோன்றும். அவன் அப்பாவைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அப்பாவுக்கு நடுக்குவாதம். ஆஜானுபாகுவான மனுஷன், கடைசியில் ஒரு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். மகன் பிடித்துக்கொள்ள வந்தால் கோபம் வரும், வராவிட்டாலும் கோபம் வரும். அந்தக் கை அவன் கண்ணைவிட்டு இன்னும் போகவில்லை. தன் கையையும் அப்பாவின் கையையும் சின்ன வயதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அச்சு அசல் என்று எல்லாரும் சொன்னது வேறு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

சரி, இப்போது தட்டிப் பார்த்துவிடுவோம் என்று, பெட்டியில் காலியாக இருந்த ஓர் இடத்தைத் திறந்து, இஸ்திரி இல்லாமல் தட்டினான். பரீட்சை எழுதுகிறவன் கை மாதிரி வேர்த்தது. நெஞ்சு ஒரு வேகத்தில் அடித்தது, பெட்டி இன்னொரு வேகத்தில் அடித்தது. முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தான். திரையில் தட்டல்கள் சின்னச் சின்னத் தூண்களாக நிற்கும். பலமாகத் தட்டினால் உயரமான தூண், மெதுவாகத் தட்டினால் குட்டைத் தூண். அவன் தூண்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இறைந்து கிடந்தன. சில முந்தி, சில பிந்தி, சில நெட்டை, சில குட்டை. முதலில் கேட்ட நொண்டல் எல்லாம் ஒரே பக்கமாகப் பிந்தியிருந்ததே, இது அப்படி இல்லையே என்று நிதானமாக இருக்கிறவன் யோசித்திருப்பான். நிதானம் எங்கே இருந்தது? கோட்டில் இல்லை, அது போதும் அவனுக்கு.

நொண்டிய கைதட்டலை மட்டும் சத்தம் வராமல் அமுக்கி வைத்துவிட்டு, பெட்டியைத் துணிபோட்டு மூடினான். பிணத்தை மூடுகிற மாதிரி என்று மனதில் ஓடியது. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

அக்காவுக்குப் போன் போட்டான். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"அக்கா, அப்பாவுக்கு முதல்ல எப்படி ஆரம்பிச்சுது?"

"எது?"

"அதான், அந்த நடுக்கம்."

"நடுக்கம் எங்கடா முதல்ல வந்துச்சு. அது ரொம்பப் பின்னாடி. முதல்ல கை மெதுவாச்சு. சட்டைக்குப் பட்டன் போட உக்காந்தார்னா நான் சமையலே முடிச்சிடுவேன். அப்புறம் எழுத்து பொடிப்பொடியா ஆச்சு. கையெழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அது சரி, புருஷனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்தி என்கிட்ட இதையே ஏன் கேக்கறீங்க?"

"யாரு கேட்டா?"

"உன் வீட்டுக்காரிதான். போன வாரம் பேசிக்கிட்டு இருந்தோம், நடுவுல கேட்டா. என்னடா விஷயம்?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான்."

"உன் சும்மா எனக்குத் தெரியாதா" என்றாள் அக்கா. அவன் அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தான். அடுப்பில் பாலும் இல்லை, நெருப்பும் இல்லை.

மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அவனுக்கே தெரியாதது அவள் கண்ணில் பட்டுவிட்டது. கட்டிக்கொண்டவள் கண்ணுக்கு எது தப்பும்? பார்த்திருக்கிறாள், பயந்திருக்கிறாள், அவனிடம் கேட்க மனசு வராமல் அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அப்படியென்றால் வெளியே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது.

அவள் பேக்கரியிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் ஓரக்கண்ணால் பார்த்தபோதெல்லாம் அவள் பார்வை அவன் விரல்கள் மேல் இருந்தது. அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்தான்.

"ஏன் ரெண்டு கையால பிடிக்கிறீங்க?"

"சூடா இருக்கு."

"பச்சைத் தண்ணியா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். வேறு நாளாயிருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் அவனைக் கலாய்த்திருப்பாள். அன்றைக்கு அவளும் சிரிக்கவில்லை, எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மன்றத்து ஹாலில் எப்போதும் போலக் கூட்டம். தபால்காரர் வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூவுடன் முதல் ஆளாக வந்து நின்றார். வாரம் முழுக்கத் தெருத்தெருவாக நடக்கிற கால், ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வெடுக்காமல் ஆடும். பாட்டெல்லாம் பெட்டியில் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்ததால் முதல் பாதி ஆபத்தில்லாமல் ஓடியது. ஆனால் நடுவில் ஒரு கட்டம் உண்டு. எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிட்டு, அவன் மட்டும் வெறும் விரலால் பேட்களில் வெளுத்து வாங்குவான். அதற்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள்.

"கடிகாரம், மணி அடிங்க" என்று தபால்காரர் குரல் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது.

போன வருஷம் வாசித்த ஒரு தனி வாசிப்பு பெட்டியில் இருந்தது. சட்டென்று அதை ஓடவிட்டுவிட்டு, பேட்களுக்கு ஒரு விரல்கடை மேலேயே கையை ஆட்டிக்கொண்டிருந்தான். தலையை அசைத்தான், கண்ணை மூடினான், நடுவில் உதட்டைக்கூடக் கடித்துக்கொண்டான். நாடகத்தில் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பான். முடிந்ததும் தபால்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இன்னிக்கு மாதிரி நீங்க என்னைக்கும் வாசிச்சதில்லைங்க" என்றார்.

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மாட்டிக்கொள்ளாத திருடனுக்கும் வெட்கம் உண்டு போலும்.

பக்கத்தில் நின்றவளுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவன் விரல் ரப்பரைத் தொடவே இல்லை என்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, நீங்க இன்னிக்கு வாசிக்கவே இல்லையே."

"கை கொஞ்சம் சரியில்ல."

"எந்தக் கை?"

"வலது."

அவள் முகம் வெளிறிப்போனதை அவன் பார்த்தான். அதன் பிறகு இறங்கும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கே இவ்வளவு பயம் என்றால் தன் கதை முடிந்தது என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். அந்த இரவு தூக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள்.

கடையில் மறுநாள் ஒரு ஸ்க்ரூ கைநழுவி விழுந்தது. ஸ்க்ரூ விழுவது அந்தத் தொழிலில் தினமும் நடப்பதுதான். ஆனால் அவன் தரையில் முட்டிபோட்டுத் தேடிக்கொண்டிருந்தபோது, இனி விழுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் இப்படித்தான் உயிர் போகப்போகிறது என்று தோன்றியது. கண்ணாடிக்காகக் காத்திருந்த அம்மாள், "மெதுவாப் பாருங்க, அவசரமில்ல" என்றார். அந்த 'மெதுவா' என்ற சொல்லே அவனைச் சுட்டது. எதுவானாலும் தெரிந்துகொண்டு பயப்படுவோம் என்று, இரண்டு நாள் கழித்து, சரக்கு எடுக்கப் போகிறேன் என மனைவியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நரம்பு டாக்டரிடம் போனான்.

காத்திருக்கிற அறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் கை மடியில் கிடந்து தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவன் வேறு பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் கண்ணாடி இருந்தது, அதிலும் அந்தக் கைதான் தெரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை கதவுவரை போனான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு நடக்கச் சொன்னார். எழுதச் சொன்னார். பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து விரித்துத் தட்டச் சொன்னார்.

"வேகமா. நிறுத்தாம. இன்னும். இன்னும்."

அவன் தட்டினான். வாழ்க்கையில் அவ்வளவு பயந்து அவன் தாளம் போட்டதில்லை.

"போதும்" என்றார் டாக்டர். "உங்க கை நல்லா இருக்கு."

"இன்னொரு தடவை பாத்துடுங்களேன், டாக்டர்."

"நான் என்ன பாக்கறேன்னு சொல்றேன், கேளுங்க. இந்த நோய் ஆரம்பிக்கிற கைன்னா, முதல்ல நல்லாத்தான் தட்டும். தட்டத் தட்ட விரல் விரியறது சின்னதாகிட்டே போகும். வேகமும் கொஞ்சம் கொஞ்சமா விழும். அவங்க வேணும்னு செய்யறதில்ல, அவங்களுக்கே தெரியாம அப்படி அடங்கிப்போகும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்ல. நீங்க பயத்துல தாறுமாறாத் தட்டறீங்க, அவ்வளவுதான். பயத்துக்கு அப்படித்தான் வரும், ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும்."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"பயம் இருக்கு. நல்லாவே இருக்கு" என்று டாக்டர் சிரித்தார்.

வெளியே வந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரே வந்த முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து வணக்கம் வைத்தான், அவரும் குழம்பிப்போய் வணக்கம் வைத்தார். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது நெஞ்சுக்குள் வந்து உட்காருகிற சத்தத்தை அன்றைக்கு அவன் கேட்டான். தெருவில் நடந்துகொண்டே தொடையில் தாளம் போட்டான். அப்பாவை நினைத்து அழுகை வந்தது, அதையும் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டான். வீட்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான்.

மனைவி பேக்கரியிலிருந்து வந்து உடைகூட மாற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே கொட்டித் தீர்த்துவிட்டான். கைதட்டல் நொண்டியது, அக்காவுக்குப் போன் போட்டது, இல்லாத பால் பொங்கியது, ஹாலில் காற்றில் தபலா வாசித்தது, சரக்கு எடுக்கப் போகிறேன் என்று புளுகியது, டாக்டர் சொன்னது, எல்லாம் ஒரே மூச்சில். சொல்லச் சொல்ல அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"உனக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சு நான் செத்தே போயிட்டேன் தெரியுமா?"

"உங்க கை நல்லா இருக்குன்னு டாக்டரே சொன்னாங்களா?"

"அவங்களேதான். வாயாலயே சொன்னாங்க."

"ரெண்டு கையும்?"

"ரெண்டும்தான்."

அவள் எழுந்து வந்து அவன் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பாவம், என்னைவிட அதிகமாகப் பயந்திருக்கிறாள் என்று நினைத்தான். இவ்வளவு பிரியத்தை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்றும் நினைத்தான். ஆண்பிள்ளைகளுக்குச் சில சமயம் மூளை அவ்வளவுதான் ஓடும்.

"இரு இரு, அந்த நொண்டலை உனக்குக் காட்டறேன். பெட்டியிலதான் ஏதோ கோளாறு. என்னைப் போட்டு என்ன பாடு படுத்திடுச்சு பாரு."

"வேண்டாங்க. அப்புறம் பாக்கலாம்."

"ஒரு நிமிஷம்தான்."

துணியை விலக்கிப் பெட்டியைப் போட்டான். முதலில் வேறொரு காலி இடத்தில் இஸ்திரி இல்லாமல் தட்டிக் காட்டினான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி உற்சாகமாகத் தட்டினான். தூண்கள் கோட்டின் மேல் சிப்பாய்களாக நின்றன. "பாத்தியா, கடிகாரம் கடிகாரம்தான்" என்று சொல்லிக்கொண்டே, அமுக்கி வைத்திருந்த அந்தக் கைதட்டலை ஓடவிட்டுத் திரையில் விரித்தான்.

முதல் தூண் உயரமாக இருந்தது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் குட்டை. அதற்கடுத்தது இன்னும் குட்டை, கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி. அப்படியே போகப்போகக் குறைந்து குறைந்து, தள்ளித் தள்ளி, கடைசியில் திரையில் ஒரு பொட்டு மாதிரி அடங்கிப்போயிருந்தது. சனிக்கிழமை அவன் காது கேட்டது பிந்தியதை மட்டும்தான். அடங்கியதை அவன் பார்க்கவில்லை. தட்டத் தட்டச் சின்னதாகிட்டே போகும் என்று டாக்டர் சொன்னதை யாரோ படம் வரைந்து வைத்தது போல இருந்தது.

பெட்டி கெட்டுப்போனால் இப்படிக் கெடாது. எல்லாத் தட்டலையும் ஒரே அளவுக்குத் தள்ளும், அல்லது தாறுமாறாகத் தள்ளும். இது ஒரு கை தட்டியது. அவன் கை இல்லை.

அவன் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அவள் வலது கையை இடது கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"அது நான் தட்டினதுங்க" என்றாள்.

அவன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இஸ்திரி இருந்தா கை எப்படி இருக்குன்னு தெரியாதே, அதான் அதை அணைச்சேன். நீங்க கடையில இருக்கும்போது தட்டிப் பாத்தேன். அழிச்சிட்டேன்னுதான் நெனச்சேன். உங்களோடது அழிஞ்சு அந்த இடத்துல இது பதிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியல."

"எப்பலேர்ந்து?"

"கேக்குல பேர் எழுத ஆரம்பிச்சா, முதல் எழுத்து பெருசா வருது, கடைசி எழுத்து பொடியா ஆயிடுது. கிரீம் சரியில்லன்னு சொல்லிப் பாத்தேன். அப்புறம் எழுதற வேலைய இன்னொரு பொண்ணுக்கு விட்டுட்டேன். உங்கப்பாவுக்கு எப்படின்னு அக்காகிட்டக் கேட்டேன். அவங்க எழுத்து பொடியாச்சுன்னு சொன்னதும் எனக்கு அப்படியே..."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னிக்கு பஸ்ல உங்க வலது கை சரியில்லன்னு சொன்னீங்க. உங்களுக்கும் வந்துட்டா யாரு யாரப் பாத்துக்கறது? அதுக்கப்புறம் என் கைய நான் நெனைக்கவே இல்ல. உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இத்தனை நாள் அவன் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அது தன் கைக்காகப் பட்ட பயம். இது வேறு. பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உயரமாக ஆரம்பித்து அடங்கிப்போய், மறுபடி உயரமாக ஆரம்பித்தது.

"பயம்தான்" என்றான் அவசரமாக. "டாக்டரே சொன்னாங்க. பயந்தா இப்படித்தான் வரும். எனக்கும் சனிக்கிழமை தட்டினப்போ அச்சு அசலா இதே மாதிரிதான் வந்துச்சு."

"அதை வச்சிருக்கீங்களா?"

"எதை?"

"நீங்க சனிக்கிழமை தட்டினது."

இருந்தது. சனிக்கிழமை திறந்த அந்தக் காலி இடத்தில் அவன் பதிந்தது அப்படியே இருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இறைந்து, சில நெட்டையாகவும் சில குட்டையாகவும், எந்த இடத்திலும் அடங்கிப்போகாமல் இருந்தது.

"காட்டுங்க" என்றாள்.

அவன் கை பெட்டியை நோக்கிப் போனது. விசையை அமுக்கினான். திரை இருண்டது, சத்தம் நின்றது. அவள் இருண்ட திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"அந்த டாக்டர் நல்லா பேசறாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"நல்லாத்தான் பேசறாங்க."

"நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் தனியாப் போகலாம்னு ரெண்டு தடவை கிளம்பினேன். பேக்கரி வாசல்லேர்ந்தே திரும்பி வந்துட்டேன்." கக்கத்திலிருந்து கையை எடுத்து அவனிடம் நீட்டினாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."